மேல்மண்ணை எங்கே கொட்டினார்கள்?

வானம் பார்க்கும் கிறுக்குப் பிடித்தவர்கள் குடியிருக்கக் கூடாத ஊர்கள் என்று யாராவது பட்டியல் போட்டால் நெய்வேலி முதல் வரிசையில் வரும். 1962-ல் முதல் அனல்மின் நிலையம் மின்சாரம் கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து இங்கே ராத்திரி என்பது பேருக்குத்தான். சுரங்கத்தில் மூன்று ஷிப்டும் வேலை. விளக்குகளைச் சுமந்துகொண்டு பக்கெட் வீல் எந்திரங்கள் விடிய விடிய மண் அள்ளும். அந்த வெளிச்சம் அடிவானத்தில் மஞ்சளாகத் தேங்கி நிற்கும். 2012-ல் சென்னைக்கு வெளியே தமிழ்நாடே பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லாமல் விசிறிக்கொண்டு கிடந்தபோது, சுற்றுவட்டார ஜனங்கள் டவுன்ஷிப்காரர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். டவுன்ஷிப்பில் எங்களைப் போல ஒன்றிரண்டு பேர் அவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டோம். மின்சாரம் எங்களுக்கு, பால்வீதி அவர்களுக்கு என்று பங்கு பிரிந்திருந்தது.

நிலாவும் கிரகங்களும் நல்லவேளையாகத் தெருவிளக்குக்குப் பயப்படுகிற ரகம் இல்லை. அவற்றைப் படம் எடுக்க இருட்டு தேவையில்லை. காற்று அசையாமல் இருக்க வேண்டும், கிரகம் உயரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். உயர விஷயத்தில் நெய்வேலிக்கு யோகம்தான். பதினொன்றரை டிகிரி வட அட்சரேகையில் உட்கார்ந்திருப்பதால் எந்தக் கிரகமும் உச்சிக்கு வரும்போது ஐம்பது டிகிரிக்கு மேலேயே இருக்கும். லண்டன்காரர்களுக்கு வியாழன் தெற்கே இறங்கிவிட்ட வருஷங்களில் பதினைந்து டிகிரிதான். வீட்டுக் கூரைக்கும் புகைக்கும் நடுவே தேட வேண்டும். பிரிட்டனின் பேர்பெற்ற கிரகப் படக்காரர் டேமியன் பீச் பார்படாஸ் தீவுக்குத் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு போனது இதனால்தான். பிலிப்பைன்ஸின் செபு நகரத்தில் இருக்கும் கிறிஸ்டோபர் கோ எங்கேயும் போகவில்லை. செபு பத்து டிகிரி சொச்சம், கிட்டத்தட்ட நம் அட்சரேகை. வியாழனில் வெள்ளையாக இருந்த ஒரு புயல் சிவப்பாக மாறியிருப்பதை 2006-ல் தன் ஊரிலிருந்தே கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னார்.

அதே வானம் நெய்வேலிக்கும் வாய்த்திருந்தது. 1986-ல் அதைப் பயன்படுத்திக்கொள்ள எங்கள் தெருவில் இருந்தது ஒரே ஒரு ஃபிட்டர்.

பக்கத்து குவார்ட்டர்ஸ் மாமா அவர். அந்த வருஷம் ஹாலி வால்நட்சத்திரம் வந்தது. விடியற்காலையில் தெருவே மைதானத்தில் நின்று தெற்கே பார்த்தது. பத்திரிகையில் போட்ட வாலைக் காணோம். பஞ்சுத் துணுக்கு ஒன்று மங்கலாகத் தெரிந்தது. எல்லாரும் கொட்டாவி விட்டுக்கொண்டு திரும்பினார்கள். மாமா மட்டும், கோளாறு வால்நட்சத்திரத்தில் இல்லை, கருவியில்தான் என்று ஃபிட்டருக்கே உரிய முடிவுக்கு வந்தார். ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்தில் இருக்கும் ஒரு மீட்டர் ஜெர்மன் தொலைநோக்கியில்தான் 1977 மார்ச் 10-ஆம் தேதி பட்டாச்சாரியாவும் குப்புசாமியும் யுரேனஸ் வளையத்தின் அடையாளத்தைப் பிடித்தார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். “நம்ம பக்கெட் வீலும் ஜெர்மன், அந்த டெலஸ்கோப்பும் ஜெர்மன். பாதாளத்துக்கு ஒண்ணு, ஆகாசத்துக்கு ஒண்ணு” என்பார்.

ஆறு அங்குலக் கண்ணாடி வட்டுகள் இரண்டு வாங்கி வந்தார். ஒன்றை எண்ணெய் டிரம்மின் மேல் பதித்து, கார்போரண்டம் பொடியும் தண்ணீரும் தூவி, இன்னொன்றை அதன்மேல் வைத்துத் தேய்க்க வேண்டும். தேய்த்தபடியே டிரம்மைச் சுற்றி நடக்க வேண்டும். மேல் வட்டு குழியும், கீழ் வட்டு புடைக்கும். மாதக்கணக்கில் இப்படி நடந்து தேய்த்தால் நடுவில் விழும் குழியின் ஆழம் ஒரு மில்லிமீட்டர் சொச்சம். அதன் பிறகுதான் பாலிஷ். கீலை உருக்கி ஊற்றி மெத்தை செய்ய வேண்டும். லெக்கோ கரி அடுப்பில் கீல் கொதித்த அன்று அத்தை போட்ட சத்தம் அடுத்த பிளாக் வரை கேட்டது. குழிவு சரியாக வந்ததா என்று பார்க்க ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, எட்டடி தள்ளி ஒரு தகர டப்பாவுக்குள் பல்பு, டப்பாவில் ஊசித் துளை, பக்கத்தில் ஒரு சவர பிளேடு. திரும்பி வரும் ஒளிக்கற்றையை பிளேடு மெல்ல வெட்டும்போது கண்ணாடி முழுக்க ஒரு நிழல் படரும். அதன் வடிவத்தைப் பார்த்தே, முடியின் தடிமனில் ஐந்நூறில் ஒரு பங்கு மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று சொல்லிவிடலாம். மாமா கட்டை விரலைக் கண்ணாடியில் ஒரு நிமிஷம் வைத்து எடுத்துவிட்டு என்னைப் பார்க்கச் சொன்னார். விரல் சூட்டில் அந்த இடம் வீங்கி, மேடாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு கண்ணாடி கெட்டிப் பொருள் என்று யார் சொன்னாலும் எனக்குச் சந்தேகம்தான்.

பி.வி.சி. குழாயில் கண்ணாடி ஏறியதும் முதலில் வந்து குனிந்தவர் என் அப்பா. செகண்ட் ஷிப்ட் முடிந்து சைக்கிளை நிறுத்திய கையோடு வந்தார். மாமா கோப்பர்நிக்கஸ் பள்ளத்தைக் காட்டி, தொண்ணூற்று மூன்று கிலோமீட்டர் அகலம், நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மியான ஆழம் என்றார். சுரங்கத்தில் பக்கெட் வீல் ஓட்டுகிறவரிடம் பள்ளத்தைக் காட்டினால் அழகா தெரியும்? அப்பா கண்ணை எடுக்காமல் கேட்டார்:

“மேல்மண்ணை எங்க கொட்டினாங்க?”

மாமா ஒரு நிமிஷம் திகைத்துப்போனார். லிக்னைட்டைத் தொட ஐம்பது, நூறு மீட்டர் மண்ணை அள்ளிக் குவிக்கிற ஊரில் இது நியாயமான கேள்வி. நிலவியலும் அதையேதான் கேட்கிறது. விண்கல் மோதித் தோண்டிய மண் சுற்றிலும் சிதறி, பள்ளத்தைச் சுற்றி வெள்ளைக் கதிர்களாகப் படிந்திருக்கிறது. டைக்கோ பள்ளத்தின் கதிர்கள் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் வரை ஓடும். அப்பா அவற்றைப் பார்த்து, டம்ப்பிங் ஒழுங்கில்லை என்று தீர்ப்புச் சொன்னார். அடுத்த கேள்வி, “தண்ணி ஊறலையா?” நெய்வேலியில் கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை ராப்பகலாக இறைக்காவிட்டால் சுரங்கமே இல்லை. நிலாவில் தண்ணீரே கிடையாது என்றார் மாமா. “அப்ப பம்ப் செலவு மிச்சம்.” அங்கே தண்ணீரின் தடயம் இருக்கிறது என்று 2009-ல் சந்திரயான்-1 தரவுகளை வைத்து அறிவித்தபோது அப்பா ரிட்டையர் ஆகியிருந்தார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “நான் அன்னைக்கே கேட்டேன்” என்றார்.

சனிக்குத்தான் தகராறு. சனி பகவானை நேருக்கு நேர் பார்க்கக் கூடாது என்று அத்தை கிட்டவே வரவில்லை. மாமா பொறுமையாக விளக்கினார்: இது நியூட்டன் வகை, கண் வைக்கும் துளை குழாயின் பக்கவாட்டில் இருக்கிறது, நீ சுவரைப் பார்த்து நிற்பாய், அவர் ஆகாயத்தில் இருப்பார், இடையில் இரண்டு கண்ணாடி. அத்தைக்கு இந்த வாதம் ஏற்புடையதாக இருந்தது. பார்த்தார். 1988-ல் வளையம் நன்றாக விரிந்து, காசினி இடைவெளி கோடு போட்டுத் தெரிந்த சமயம். ரொம்ப நேரம் பார்த்தார். அடுத்த சனிக்கிழமை எதற்கும் இருக்கட்டும் என்று எள் தீபமும் போட்டார்.

படம் எடுப்பது மட்டும் நடக்கவில்லை. இரவல் ஜெனித் கேமரா, ஓர்வோ பிலிம், முப்பத்தாறு படம். ஷட்டரைத் தட்டினாலே குழாய் ஆடும். அதனால் குழாய் வாயில் கறுப்பு அட்டையைப் பிடித்துக்கொண்டு ஷட்டரைத் திறந்து, ஆட்டம் அடங்கியதும் அட்டையை விலக்கி மூட வேண்டும். அட்டைக்காரன் நான். நிலா நெகட்டிவில் பதினோரு மில்லிமீட்டர் அகலத்துக்கு விழும், பரவாயில்லை. வியாழன் கால் மில்லிமீட்டர். கழுவக் கொடுத்த ஸ்டூடியோவில், “எல்லாம் வெறுமையா விழுந்திருக்கு சார், நடுவுல தூசி வேற. காசு வீணாகும்னு பிரிண்ட் போடலை” என்று அக்கறையாகச் சொன்னார்கள். அந்தத் தூசிதான் வியாழன்.

நடுவில் ஒரு காட்சி. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூர் மாவட்டத்தின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. எங்கள் தெருவிலும் மரங்கள் விழுந்து கம்பிகள் அறுந்தன. வெளிச்சத்தின் ஊரில் சில ராத்திரி நிஜமான இருட்டு. துருவ நட்சத்திரம் இங்கே அடிவானத்திலிருந்து பதினொன்றரை டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அத்தனை வருஷமும் அது மரத்துக்குப் பின்னால்தான் இருந்தது. தொலைநோக்கியை அதை நோக்கித் திருப்பி நிறுத்தப் படாத பாடு பட்டிருக்கிறோம். மரம் போனதும் வாசலிலிருந்தே தெரிந்தது. அதைக் காட்ட மாமா அப்போது உயிரோடு இல்லை.

இப்போது மாமாவின் பேரன் இங்கேயே எஞ்சினியர். எட்டு அங்குலத் தொலைநோக்கி பெட்டியில் வந்து இறங்கியது. யாரும் டிரம்மைச் சுற்றவில்லை. கண் வைக்கும் இடத்தில் உள்ளங்கைக்குள் அடங்கும் கேமரா. அது விநாடிக்கு நூறு படம் வீதம் மூன்று நிமிஷம் ஓடும். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடுவதால் அதற்கு மேல் ஓடினால் படம் இழுபடும். பதினெட்டாயிரம் படத்தில் காற்று ஒரு கணம் அசையாமல் நின்றபோது விழுந்தவை பத்தில் ஒன்று தேறும். அவற்றைப் பொறுக்கி அடுக்க எமில் க்ராய்காம்ப் என்ற நெதர்லாந்துக்காரர் எழுதிய ஆட்டோஸ்டேக்கர்ட் மென்பொருள், இலவசம். மாமாவும் நானும் சில்லறையில் வாங்கிக்கொண்டிருந்த அதிர்ஷ்டத்தை இவன் மொத்தக் கொள்முதல் செய்கிறான். பலன், 1980-களில் பெரிய ஆய்வகங்கள் எடுத்த படங்களோடு போட்டி போடுகிற வியாழன், குவார்ட்டர்ஸ் புல்தரையிலிருந்து. மொட்டை மாடி ஆகாது. பகல் சூட்டை நள்ளிரவு வரை கக்கும். அனல்மின் நிலையம் இருக்கும் திசையும் ஆகாது.

“கண்ணால ஒரு தடவை பார்க்கலாமாடா?”

“கேமராவைக் கழட்டணும் சித்தப்பா. ஸ்கிரீன்லயே பாருங்களேன், இன்னும் நல்லா இருக்கும்.”

அவன் சொல்வது உண்மை, அதுதான் எரிச்சல். கூர்மை ஏற்றுகிற பட்டையைக் கொஞ்சம் அதிகமாக இழுத்தால் வியாழனின் ஓரத்தில் இல்லாத விளிம்பு ஒன்று முளைக்கும். அதைச் சுட்டிக்காட்டி, கண் பொய் சொல்லாது என்று பெருமையடித்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் வானியலாளர் பெர்சிவல் லோவல் தொலைநோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டே செவ்வாய் முழுக்கக் கால்வாய் வெட்டியவர் ஆயிற்றே.

2023 ஆகஸ்ட் 23-ஆம் தேதி சாயங்காலம் சந்திரயான்-3 இறங்கியபோது, பக்கத்து விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் திட்ட இயக்குநர் என்பதால் எங்கள் தெருவுக்கே பாதி உரிமை. மேலே அரை நிலா. பேரனின் லேப்டாப்பைச் சுற்றிக் கூட்டம். தென்முனைப் பக்கம் மான்சினஸ் பள்ளத்தைக் காட்டினான். “விக்ரம் எங்கே?” என்றார்கள். இந்தக் கருவியில் ஒரு கிலோமீட்டர் அகலமுள்ளது வரைதான் தெரியும், விக்ரம் இரண்டு மீட்டர் என்றான். கூட்டம் மரியாதையாகக் கலைந்து டி.வி.க்குத் திரும்பியது. மேல்மண்ணைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

சனி ஒரு சுற்று வர இருபத்தொன்பதரை வருஷம். மாமா காட்டிய அதே சாய்வில் 2018-ல் பேரன் எடுத்த படம், சனிப்பெயர்ச்சி பலனோடு சேர்ந்து, நாசா வெளியிட்டதாக அத்தையின் வாட்ஸ்அப்புக்கே வந்து சேர்ந்தது. பதினோரு பேருக்கு அனுப்பச் சொல்லியிருந்தது. அத்தை அனுப்பினார், பேரனுக்கும் சேர்த்து. 2025-ல் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டித் திரும்பியது. நவம்பரில் அவன் எடுத்த படத்தில் அது கிரகத்தின் குறுக்கே ஒரு கோடு, அவ்வளவுதான். எடுத்ததிலேயே சிரமமான படம் அது. குடும்ப குரூப்பில் போட்டான். அத்தை குரல் பதிவு அனுப்பினார்:

“போன தடவை போட்டதையே போடுடா. இது வளையலை அடகு வச்ச மாதிரி இருக்கு.”