தொழிற்சங்கம் வைக்காத டெஸ்ஸா

உணவைக் கண்டாலே அஞ்சி மெலிபவர்களுக்கு ஆறுதல் சொல்ல மனிதர்கள் எதற்கு? அமெரிக்காவின் தேசிய உணவுக் கோளாறுகள் சங்கம் 2023-ல் இதைத் துணிச்சலாகக் கேட்டது. அதன் உதவித் தொலைபேசி ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைத்தார்கள். சில நாட்களில் சேவையை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றது நிர்வாகம். நம்பாதவர்கள் பொல்லாதவர்கள்.

மிஞ்சியது டெஸ்ஸா என்ற சாட்பாட். சம்பளம் கேட்காது, விடுப்பு கேட்காது, எதிராளி அழுதாலும் குரல் கம்மாது.

அறிவுரையிலும் கஞ்சத்தனம் இல்லை. எடையைக் குறையுங்கள், வாரம் ஒரு முறை நிறுத்துப் பாருங்கள், தினம் 500 முதல் 1,000 கலோரி குறைத்துச் சாப்பிடுங்கள் என்றது. கலோரி எண்ணி எண்ணியே நோயாளி ஆனவரிடம் அவருக்குத் தெரிந்த பாடத்தையே நடத்துவதுதானே பயனருக்கு எளிமை! இதே முறையில் குடிநோயாளிக்கு அருகிலுள்ள மதுக்கடைக்கு வழி காட்டலாம். தூக்கமில்லாதவருக்கு நள்ளிரவில் காபி அனுப்பலாம்.

பயனர் ஒருவர் உரையாடலை ஊரறிய வெளியிட்டார். முதலில் நம்ப மறுத்த நிர்வாகம், பிறகு பார்த்துவிட்டு, மே 30 அன்று டெஸ்ஸாவை நிறுத்தியது.

மனிதர்கள் வேலையை விட்டுப் போகக் குறித்திருந்த நாள் ஜூன் 1.