நாலு கம்பி அண்ணன்

சேலம், நாமக்கல் பக்கம் பாட்டுக் கச்சேரி வைத்து நடந்த கல்யாணத்தின் ஆல்பம் ஏதாவது கையில் கிடைத்தால் புரட்டிப் பாருங்கள். பட்டுப்புடவையில் பாடகி இருப்பார். கோட்டு போட்ட பாடகர் இருப்பார். கீபோர்டுக்காரர் கண்ணை மூடி, தன் வாசிப்பைத் தானே ரசித்துக்கொண்டிருப்பார். டிரம் செட்டின் சிம்பலுக்குப் பின்னாலிருந்து ஒரு முழங்கை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முழங்கைக்குச் சொந்தக்காரர்தான் பேஸ் கிடார் அண்ணன்.

ஊருக்கு ஊர் ஆள் வேறு, அச்சு ஒன்று. பகலில் சிவதாபுரத்துக் கொலுசுப் பட்டறையில் பற்றவைத்துக்கொண்டிருப்பார். இல்லாவிட்டால் திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிக்குக் கணக்கு எழுதுவார். நாமக்கல்காரர் என்றால் முட்டை லோடு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது என்று போனில் கேட்டுக்கொண்டே கம்பிக்கு ஸ்ருதி சேர்ப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சில் வாசிப்பார். ஆடியில் மாரியம்மன் பண்டிகை வந்துவிட்டால் அவரிடம் தேதி கேட்கவே முடியாது. இரண்டு இடத்திலும் அதே கறுப்புச் சட்டை.

பேஸ் வாசிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டு யாரும் குழுவில் சேர்வதில்லை. லீட் கிடார் வாசிக்க வருவார்கள். அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் இருப்பார்கள். அதில் ஒருவர் குழு வைத்திருப்பவரின் மச்சானாக இருப்பார். "தம்பி, நீ இப்போதைக்கு பேஸ் புடிச்சுக்க" என்பார் உரிமையாளர். அந்த 'இப்போதைக்கு' இருபது வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும்.

இதைச் சொன்னால் அண்ணனுக்குச் சுருக்கென்று வரும். "பால் மெக்கார்ட்னிக்கே அப்படித்தானுங்க" என்று தொடங்கிவிடுவார். 1961-இல் பீட்டில்ஸ் குழு ஹாம்பர்க்கில் வாசித்துக்கொண்டிருந்தபோது, பேஸ் வாசித்த ஸ்டூவர்ட் சட்கிளிஃப் ஓவியம் படிக்கப் போகிறேன் என்று விலகிக்கொண்டார். மற்றவர்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காததால் பேஸ் மெக்கார்ட்னியின் தோளில் ஏறியது. கதை நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் ஒவ்வொரு ஒத்திகையிலும் இதைக் கேட்டுச் சலித்த தபேலாக்காரர், தட்டுவடை செட்டை வாயில் போட்டுக்கொண்டே, "அவரு பாடவும் செஞ்சாருங்களே" என்பார். பேச்சு அதோடு நின்றுவிடும்.

மேடைக்குக் கீழே வேறொரு தொல்லை. பந்தல்காரர் தொடங்கி மாப்பிள்ளையின் தாய்மாமன்வரை ஒருவர் விடாமல் கேட்பார்கள்: "ஏனுங்க, கிடாருக்கு ஆறு கம்பி இல்லீங்களா? மீதி ரெண்டு அறுந்துபோச்சுங்களா?" புதிதில் அண்ணன் பொறுமையாக விளக்கியவர்தான். இ, ஏ, டி, ஜி, நாலே கம்பி, சாதாரண கிடாரின் தடித்த நாலு கம்பிகளுக்கும் ஒரு ஸ்தாயி கீழே என்றெல்லாம் சொல்வார். இப்போது, "ஆமாங்க, வாங்கியார ஆள் போயிருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு வெற்றிலைத் தட்டுப் பக்கம் நகர்ந்துவிடுகிறார்.

புதுக் கிடார் வாங்கும்போதுதான் அண்ணனின் முழு உருவத்தையும் பார்க்கலாம். ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறி, விடியுமுன் சென்ட்ரலில் இறங்கி, கடை திறக்கும்வரை டீ குடித்தே பொழுதைப் போக்கி, 1842-இல் மிஸ்க்வித் கம்பெனியாகத் தொடங்கிய அண்ணா சாலை மியூசி மியூசிக்கலில் முதல் ஆளாக நுழைவார். கிடாரை வாசிக்கமாட்டார். முதலில் கையில் தூக்கி எடை பார்ப்பார். நாலு கிலோவைத் தாண்டினால் வைகாசி முகூர்த்தங்கள் முடிவதற்குள் தோள் இறங்கிவிடும் என்பது அவர் கணக்கு. பிறகு ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கழுத்து வளைந்திருக்கிறதா என்று நோட்டம் விடுவார். பன்னிரண்டாவது கட்டையில் விரலை மெல்லத் தொட்டு எடுத்தால் வரும் ஒலியும், அழுத்தி மீட்டினால் வரும் ஒலியும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பார். ஒவ்வொரு கட்டையாக அழுத்தி, எங்காவது கம்பி இரைகிறதா என்று காதை வைத்துக் கேட்பார். இவ்வளவும் உருப்படியான சோதனைகள்தான். வாங்கப் போகிற யாரும் செய்யலாம். அதற்குப் பிறகு அவர் செய்வது உருப்படியில்லாத காரியம்: ஐந்து கம்பி பேஸைப் பார்த்துவிடுவார்.

ஐந்தாவது கம்பியின் கீழ் பி சுரம் சுமார் 31 ஹெர்ட்ஸ். நம் ஊர்த் திருவிழா மைக் செட்டில் அது வெளியே வராது. ஸ்பீக்கரின் காகிதம் மட்டும் உள்ளே போய் வெளியே வரும். ஆகவே அந்தக் கம்பி அண்ணனின் கட்டைவிரல் இளைப்பாறும் இடமாகிறது. கூடுதல் விலை கொடுத்து வாங்கிய திண்ணை. இன்னொரு சபலம், உள்ளே பேட்டரி போட்ட ஆக்டிவ் பேஸ். ஒயரின் ஜாக்கைச் சொருகியவுடன் அதன் சர்க்யூட் விழித்துக்கொள்ளும். கச்சேரி முடிந்து பிடுங்காமலே விட்டுவிட்டுப் போனால் 9 வோல்ட் பேட்டரி சும்மாவே தீர்ந்துகொண்டிருக்கும். சேந்தமங்கலத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில், ராத்திரி எட்டு மணிக்கு, எந்தப் பெட்டிக்கடையில் போய் அந்தச் சதுர பேட்டரியைக் கேட்பது? கடைக்காரர் டார்ச் லைட் கட்டையை எடுத்து நீட்டுவார். நாலு கம்பி, பேட்டரி இல்லாத பேஸ், கழுத்து நேராக இருக்கவேண்டும்: நம் பக்கத்துக் கச்சேரிக்கு இதற்கு மேல் தேவையில்லை.

இந்த வாத்தியத்தின் பிறப்பும் வேடிக்கைதான். ஆளுயர டபுள் பேஸை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு திரிந்த காலத்தில், தோளில் மாட்டிக்கொள்ளும்படி 1951-இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தவர் கலிபோர்னியாவின் லியோ ஃபெண்டர். அவர் அடிப்படையில் ரேடியோ ரிப்பேர் கடைக்காரர். கிடார் வாசிக்கவே தெரியாது. ரேடியோ கடைக்காரர் ஒருவர் உருவாக்கிய வாத்தியத்தை இன்றுவரை ரேடியோ செட்காரர்களே பழிவாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அண்ணனின் நிரந்தரப் புகார்.

அந்தப் புகாருக்கு வருமுன் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்துவிடுவோம். கிடாருக்குக் கடன் வாங்கிக்கூடக் கொட்டிக்கொடுக்கும் அண்ணனுக்கு, ஆம்ப்ளிஃபயர் என்றதும் கை இறுகிவிடும். லீட் கிடாரின் பத்து இஞ்ச் பெட்டியில் தன் ஒயரையும் சொருகிச் சமாளிப்பார். பேஸ் ஒலி வெளியே வர ஸ்பீக்கர் ஏகப்பட்ட காற்றைத் தள்ளவேண்டும். பத்து இஞ்ச் காகிதம் ஒன்று தாங்குமா? இரண்டாவது குத்துப்பாட்டில் கிழிந்து, மூன்றாவது பாட்டிலிருந்து பட்டம் போலப் படபடக்கும். கடைசியில் பதினைந்து இஞ்ச் ஸ்பீக்கர் ஒன்று வாங்கி, பெட்டி கட்ட நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைக்குக் கொண்டுபோவார் இந்த ரகத்தில் ஒருவர். பட்டறைக்காரர்கள் வேலையில் குறை வைக்கமாட்டார்கள். கெட்டி பிளைவுட், நாலு மூலைக்கும் இரும்புப் பட்டை, ஆறு பேர் தூக்கினாலும் அசையாத கனம். கூலி கேட்காமலே பின்பக்கம் தாமரைப்பூ வரைந்து, கீழே 'ஒலி எழுப்பவும்' என்று எழுதியும் கொடுத்துவிடுவார்கள். அண்ணனுக்கு அதில் வருத்தமே கிடையாது. "தப்பா ஒண்ணும் எழுதலீங்களே" என்பார்.

அந்தப் பெட்டியைக் குட்டி யானையில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கி, கிடாரைச் சொருகியதும் முதலில் கேட்பது அண்ணன் அல்ல, கரண்ட். 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். எர்த் இல்லை. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பேஸின் தடித்த கம்பியில் மூன்றாவது கட்டையை அழுத்தினால் வரும் ஜி 49 ஹெர்ட்ஸ். ஆக ஜி-யில் அமைந்த பாட்டு என்றால் பாதி வேலையைக் கரண்டே பார்த்துக்கொள்ளும், கொஞ்சம் ஸ்ருதி ஏற்றித்தான் பாடும் என்றாலும். அண்ணன் ஜெனரேட்டர் வண்டிக்குப் போவார். மண்ணில் அடித்த எர்த் கம்பியைப் பார்ப்பார். சித்திரை வெயிலில் வெடித்துக் கிடக்கும் செம்மண்ணில் அது சும்மா நின்றுகொண்டிருக்கும். சமையல்காரரிடம் கெஞ்சி ஒரு குடம் தண்ணீர் வாங்கி வந்து கம்பியைச் சுற்றி ஊற்றுவார். ரீங்காரம் தணியும். "பாத்தீங்களா!" என்று சுற்றிலும் பார்ப்பார். அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். மூன்று முளை பிளக்கில் எர்த் முளையை ஒடித்துவிட்டுச் சொருகும் புண்ணியவான்கள் உள்ள மேடையில், கம்பியில் கையும் மைக்கில் உதடும் ஒரே நேரத்தில் பட்டால் ஆளைத் தூக்கிவிடும். அண்ணனுக்கு மைக் கொடுக்கும் வழக்கம் இல்லாததால் இதுவரை தப்பித்துவந்திருக்கிறார்.

அடுத்தது மிக்சரில் உட்கார்ந்திருக்கும் தம்பியுடன் நடக்கும் பேச்சுவார்த்தை.

"தம்பி, பேஸ் கொஞ்சம் ஏத்துப்பா."

"ஏத்தியாச்சுங்கண்ணா."

"இன்னும் கொஞ்சம்."

"இப்பப் பாருங்கண்ணா."

அண்ணன் வாசித்துப் பார்த்து, முகம் மலர்ந்து, கட்டைவிரலை உயர்த்துவார். தம்பி திருகியது ஒயரே சொருகாத ஒரு குமிழ். சந்தேகத்தின் பலனை யாருக்காவது கொடுக்கவேண்டும் என்றால் நான் தம்பிக்குத்தான் கொடுப்பேன். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு ஏற்கெனவே நெஞ்சில் கை இருக்கிறது.

ஏனென்றால் பேஸின் குணமே தனி. தாழ்ந்த ஒலி சுவரைச் சுற்றி வளையும். காற்றில் எளிதில் கரையாது. மண்டபத்துக்குள் பாட்டுக் கேட்பவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஊர்க்கோடியில் கிணற்றுமேட்டில் கயிற்றுக்கட்டில் போட்டுப் படுத்திருப்பவருக்குப் பாட்டே கேட்காது, பேஸ் மட்டும் கேட்கும். அவர்தான் அண்ணனின் உண்மையான ரசிகர். விரும்பி ஆனவர் அல்ல. ராத்திரி பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. பத்தே கால் ஆனதும் ரோந்து ஜீப்பை மேடைக்கு வழிகாட்டி அழைத்து வருவதும் அண்ணனின் நாலு கம்பிதான்.

வீட்டில் அவர் நிலைமை வேறு. பேஸ் கம்பிகள் தடிமனானவை, மேலே கம்பி சுற்றியவை. விரல் வியர்வையும் அழுக்கும் அந்தச் சுற்றின் இடுக்கில் புகுந்து கொஞ்ச நாளில் ஒலி மந்தமாகிவிடும். புது செட் வாங்கினால் கச்சேரிச் சம்பளம் அதிலேயே போய்விடும். ஆகவே கம்பிகளைக் கழற்றிச் சுருட்டி, கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டு எடுத்து, துடைத்துக் காயவைத்து மாட்டிக்கொள்வார். உலகம் முழுக்க பேஸ்காரர்கள் செய்கிற வைத்தியம்தான் இது. இரண்டு மூன்று கச்சேரிக்குக் கணீரென்று இருக்கும். உலகம் முழுக்க வீட்டுக்காரம்மாக்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்கள்: "ஏனுங்க, இது பால் பாத்திரமுங்களா?"

அண்ணனின் பையைத் திறந்தால் ஒரு சின்ன ஹார்டுவேர் கடை. கறுப்பு டேப், டெஸ்டர், கழுத்து வளைவைச் சரிசெய்யும் ஆலன் கீ, ஃபியூஸ், கிளிப் டியூனர், உபரி ஒயர், மூன்று முளையை இரண்டாக்கும் கட்டை, ஒரு தேங்காய் எண்ணெய் பாட்டில். கடைசி ஐட்டம் எதற்கு என்று கேட்டால் சிரிப்பார். பாடகியின் மைக் கரகரத்தால் அண்ணனைக் கூப்பிடுவார்கள். கீபோர்டு ஸ்டாண்டின் திருகு கழன்றால் அண்ணன். சீரியல் செட் அணைந்தாலும் அண்ணன். பாட்டு நன்றாக இருந்தால் பாடகர்.

இந்த ஆளுக்கு எதிரி கீபோர்டுக்காரரின் இடது கை. கீபோர்டை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் பேஸ் ஒலி வைத்துக்கொள்ளலாம் என்று வந்ததிலிருந்து உரிமையாளருக்கு ஒரு சம்பளம் மிச்சம். "அண்ணே, வண்டியில எடமில்லீங்க, அடுத்த புரோகிராம் பாத்துக்கலாம்" என்று போன் வரும். பாடகர் குரல் மட்டும் இல்லாத 'மைனஸ் டிராக்' வந்தபிறகு அந்த இடது கைக்கும் வேலை போய்க்கொண்டிருக்கிறது. அண்ணன் அதில் கொஞ்சம் சந்தோஷப்படுகிறார் என்பதை மறைப்பதற்கில்லை.

ஆனால் ஒன்று. இளையராஜா பாட்டுகளுக்கு பேஸ் வாசித்த சசிதரன் பெயரை எடுத்தால் அண்ணன் உட்கார்ந்திருந்தாலும் எழுந்துகொள்வார். ரஹ்மான் பாட்டுகளில் வாசித்த கீத் பீட்டர்ஸ் என்றாலும் அப்படியே. அந்தப் பாட்டுகளை இடது கையால் வாசித்தால் சுரங்கள் இருக்கும், நடை இருக்காது. பேஸ் அங்கே பாட்டுக்குக் கீழே தனியாக இன்னொரு பாட்டுப் பாடிக்கொண்டு போகிறது. சும்மா இருக்கவேண்டிய இடத்தில் கம்பியை உள்ளங்கையால் அமுக்கி நிறுத்தவும் தெரிந்திருக்கவேண்டும். அண்ணனுக்கு அது தெரியும். அவர் வராத கச்சேரியில் ஜனங்கள் ஏதோ குறைகிறது என்று உணர்கிறார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் சாம்பாரில் உப்பு கம்மி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

ஆகவே, வரும் தையில் வீட்டில் விசேஷம் வைத்திருப்பவர்கள் கச்சேரி பேசி முன்பணம் கொடுக்கும்போது, "பேஸ் கிடார் ஆள் உண்டுங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உண்டு என்றால், ஒடிக்காத மூன்று முளை பிளக் பாயிண்ட் ஒன்றுக்கு ஏற்பாடு செய்யுங்கள். எர்த் கம்பிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சமையல்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.