செல்லாத ஓட்டு ஒன்றுகூட விழாத ஊரிலிருந்து

புதுச்சேரி மாநிலத் தேர்தல் ஆணையத்தின் மேலான சமூகத்துக்கு, வில்லியனூர் கொம்யூன் வாக்காளன் ஒருவன் தெண்டனிட்டு எழுதிக்கொள்வது.

போன வாரம் எரியாத தெருவிளக்குக்காக ஓர் அலுவலகத்துக்கு மனு கொண்டுபோனேன். அங்கிருந்த தம்பி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வார்டு மெம்பர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க ஐயா" என்றார். "எந்த மெம்பர், தம்பி?" என்றேன். பக்கத்து மேசைக்காரரைத் திரும்பிப் பார்த்தார். இருவரும் சிரித்தார்கள். அறுபத்து மூன்று வயதில் அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டு வீடு வந்தேன்.

வந்த பிறகுதான் தங்கள் மகிமை புரிந்தது. வாக்கு எண்ணுவதில் தங்களை மிஞ்ச ஆளில்லை. செல்லாத ஓட்டு ஒன்றுகூட இல்லை!

எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டின் கண்டமங்கலம். அங்கே இருக்கும் என் மச்சான் 2021 அக்டோபர் 12 அன்று உள்ளாட்சித் தேர்தல் வாக்கு எண்ணும் இடத்தில் ஏஜென்டாக உட்கார்ந்தவர். பாவம், என்ன பாடு! பெட்டியின் சீலைச் சரிபார்க்க வேண்டும். வார்டு மெம்பருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள் என்று நாலு நிறச் சீட்டையும் பிரிக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக விரிக்க வேண்டும். இரண்டு சின்னத்தில் முத்திரை குத்தியிருந்தால் செல்லாது. வெறும் சீட்டாக மடித்துப் போட்டிருந்தால் செல்லாது. யார் போட்டது என்று காட்டிக்கொடுக்கும் எழுத்து இருந்தால் செல்லாது. ஈர மையோடு மடித்ததால் எதிர்ப்பக்கம் ஒட்டிய தடமா, இரண்டாவது முத்திரையா என்று ஒரே ஒரு சீட்டை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் சண்டையாம். சமமாக வந்தால் குலுக்கல் வேறு.

இந்தத் தொல்லை எதுவும் நமக்கு வைக்காத தங்கள் கருணையே கருணை. பெட்டி இல்லை, சீட்டு இல்லை, சண்டை இல்லை. செல்லாத ஓட்டும் இல்லை.

1968 உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு 38 ஆண்டு பொறுத்து, 2006இல் ஒரே ஒரு தடவை எங்களை ஓட்டுப் போடவிட்டார்கள். 2011இல் அந்த மெம்பர்களின் காலம் முடிந்தது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல் என்பது அரசியல் சாசனத்தில் எழுதியிருக்கிறதாம். எழுதினவர் வில்லியனூரைப் பார்க்காதவர். 2021இல் தாங்கள் தேதியே அறிவித்தீர்கள். மூன்று கட்டம் என்றீர்கள். இட ஒதுக்கீட்டுக் குளறுபடி என்று வழக்கு போனது, அறிவிப்பு திரும்பிப் போனது. அந்த வாரம் பாகூர் கொம்யூனில் வெள்ளை வேட்டியை இஸ்திரி போட்டு வைத்தவர்கள் பலர். வேட்டி இன்னும் மடிப்புக் கலையாமல் இருக்கும்.

2006இல் பிறந்த பிள்ளை வளர்ந்து பாராளுமன்றத்துக்கு ஓட்டுப் போட வந்துவிட்டது. தன் தெருச் சாக்கடைக்கு யாரைக் கேட்பது என்று அதற்குத் தெரியாது. கொம்யூன் ஆணையர் வருகிறார், மாறுகிறார், இன்னொருவர் வருகிறார். எங்கள் தெருவில் நின்று ஓட்டுக் கேட்டவர் யாரும் அந்த நாற்காலியில் இல்லை. இதற்கு எதற்கய்யா தேர்தல் ஆணையம் என்று ஒரு பெயர்ப்பலகை? எங்களுக்கு எதற்கு வாக்காளர் அட்டை, பால் கணக்கு எழுதவா?

மன்னிக்கவும். கிழவன் நாக்கு சற்றே வழுக்கிவிட்டது. தங்களுக்கும் அரசு உண்டு, நீதிமன்றம் உண்டு, கோப்பு உண்டு; அறிவேன். பழைய 38 ஆண்டுச் சாதனையை முறியடிக்கும் முயற்சியில் இருப்பவர்களை அவசரப்படுத்தக் கூடாது.

சின்ன விண்ணப்பம் ஒன்றுதான். ஒரே ஒரு செல்லாத ஓட்டைப் போட்டுப் பார்க்க ஆசை. இரண்டு சின்னத்திலும் குத்திவிட்டு வருகிறேன், தாராளமாகத் தள்ளுபடி செய்யுங்கள்.

இணைப்பு: தெருவிளக்கு மனு, நகல் ஒன்று. மெம்பர் கையெழுத்துக்கு விட்ட இடம் காலியாக இருக்கிறது. வழக்கம்போல் அதையும் பிழையில்லாமல் எண்ணிக்கொள்ளவும்.