சொடலைக்கே வருசத்துக்கு ஒரு கொடை

என்னல பேரப்புள்ள, ஞாயித்துக்கெழம விடிஞ்சதும் விடியாததுமா பக்கெட்டும் மக்குமா கெளம்பிட்ட? ஒங்க அம்மை தொண்ட வத்தக் கத்துனாலும் நீ பதினோரு மணிக்கு முந்தி குளிக்க மாட்ட. கூண்டுல கெடக்க லட்டுவுக்கு மட்டும் வாராவாரம் மங்கள ஸ்நானமோ? நம்ம சொடலைமாடனுக்கே வருசத்துக்கு ஒரு கொடைதான்ல.

கடைக்காரன் கினிப்பன்னின்னு சொல்லி ஒன் தலையில கட்டுனான். எனக்கு அது சீமைப் பெருச்சாளி. பன்னியும் கெடையாது, கினி நாட்டுக்காரனும் கெடையாது. பெரு நாட்டுப் பக்கம் ஆண்டிஸ் மலைதான் அதுக்குப் பூர்வீகம். அங்கன அதுக்குக் குய்னு பேரு. அடுப்பங்கரையிலயே வளத்து, விசேசம் வந்தா அறுத்துத் திங்காங்க. அறுத்ததும் கொதிக்க வெந்நியில முக்குவாங்க. அழுக்குப் போகவா? மயிரு உரியதுக்கு! நீ ஆவி பறக்க வாளியத் தூக்கிட்டு வந்தா, சவத்துக்குப் பாட்டன் பூட்டன் நெனப்பெல்லாம் வராதா?

போன வாரம் நீ பண்ணுன கூத்து இருக்கே. குழாயத் தொறந்துவிட்டு தலையோட புடிச்ச. ஒனக்கு வாங்குன ஷாம்புல கால் பாட்டில் காலி. “பாருங்க தாத்தா, எப்படிச் சமத்தா நிக்கி, சொகமா இருக்கு போல”ன்னு எங்கிட்ட வேற பல்லக் காட்டுன. பருந்து வட்டம் போடும்போது கோழிக்குஞ்சும் சமத்தாத்தான் இருக்கும், போல! அடுத்ததுக்கு எரையாப் பொறந்த உசுரு அது. ஓட வழியில்லன்னா கல்லா ஒறஞ்சு நிக்கும். நான் வாங்கி நெஞ்சுல வெரலு வச்சுப் பாத்தேன். சும்மா இருக்கையிலயே அதுக்கு நிமிசத்துக்கு 200க்கு மேல துடிக்கும். அன்னைக்குத் துடிச்சத எண்ண எனக்கு வெரலு போதல. சொகமாம்ல சொகம்.

அது தன்னத்தானே நக்கி, முன்னங்கையால மூஞ்சத் தொடச்சுக்கிடுத சாதி. குட்ட மயிரு உள்ளதுக்கு வருசத்துக்கு ஒண்ணு ரெண்டு தரம் குளிச்சா தாராளம், குளிக்காட்டாலும் குத்தமில்ல. தரையப் பெருக்குத மாதிரி மயிரு வளருத சாதிக்கு வேணா ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா ஊத்தலாம். அதுலயும் பொறத்தால மயிரக் கத்தரிச்சுவிட்டாலே பாதிச் சோலி முடிஞ்சுது. வாரத்துக்கு ஒருக்கா நீ ஷாம்பு போட்டா தோலு எண்ணெய்ப் பசையெல்லாம் போயி வறண்டு சொறியும். சொறியுதேன்னு மறுபடியும் ஷாம்பு போடுவ. ஒன் கூறு எனக்குத் தெரியாதா? மயிரு கொட்டுனாலோ, சொறிஞ்சாலோ அது செள்ளுப்பூச்சியா இருக்கலாம், மாட்டு டாக்டருகிட்டக் கொண்டு போ. நாய்க்கு வாங்குன உண்ணி மருந்த அது மேல காட்டிராத.

நாத்தம் அடிக்குங்க. சரி, மூக்க லட்டு மேல வையி. இப்பக் கூண்டுல வையி. எதுல அடிக்கி? அப்பக் குளிப்பாட்ட வேண்டியது எத? ஈரமான வைக்கோல அள்ளிக் கொட்டிட்டு, மூத்திரம் வெள்ளையா ஒறஞ்ச எடத்துல கொஞ்சம் வினிகர ஊத்தி ஊறவிட்டுத் தேயி. அது நல்லாக் காயட்டும்.

எங்க, அத இங்கன கொண்டா. ஒரு கைய நெஞ்சுக்குக் கீழ, ஒரு கைய பின்பக்கத்துக்குத் தாங்கலா. ம்ம். காதுக்குப் பின்னால ஒரு துளி சொட்டையா இருக்கே, அதப் பாத்துப் பயப்படாத, அது பொறவிச் சொட்ட, ஒங்க தாத்தனுக்கு வந்தது மாதிரி இல்ல. பின்பக்கத்தத் திருப்பு. அடடே! வாலு மொளைக்க வேண்டிய எடத்துல பாரு, மயிரெல்லாம் வண்டி மசையத் தடவுன மாதிரி அப்பிக் கெடக்கு. அங்கன ஒரு சுரப்பி இருக்கு, கெடாவுக்கு நெறையச் சுரக்கும். ஏரியாவுக்கு நான்தாம்ல ரவுடின்னு தேச்சு வாசன வைக்கிறதுக்கு. சரி, இன்னைக்கு ஒன் கட்சி ஜெயிச்சுது. தேங்காண்ணெ ரெண்டு சொட்டு எடு. தேச்சு அஞ்சு நிமிசம் ஊறவிடு. பிசுக்கு எளகி வருதா? எளகாததப் பிச்சு எடுக்காத, தோலோட வரும்.

மொதல்ல ஃபேன நிறுத்து. சன்னல மூடு. அந்தத் துணி அலசுத டப்பு போதும்; அடியில பழைய துண்ட விரி, வழுக்குனா அதுக்கு ஈரக்குல நடுங்கும். தண்ணி ரெண்டு இஞ்சி, வயிறு நனையுத மட்டும். வெரல முக்காத, ஒன் வெரலு காப்பி டம்ளரு புடிச்சுக் காச்சுப்போன வெரலு. முழங்கைய முக்கு. அதோட ஒடம்புச் சூடே 38, 39 டிகிரி. அதுக்கு ஒத்த வெதுவெதுப்பு போதும்.

ஒங்க பாட்டி பச்சப்புள்ளைய கால்ல போட்டுக் குளிப்பாட்டுதப் பாத்திருக்கியா? அந்த நெதானம். சின்னப் போணியால முதுகுல இருந்து பின்னால ஊத்து. தலைக்கு ஊத்தாத. காதுக்குள்ள தண்ணி போனா வம்பு. மூஞ்சிக்கு ஈரத்துணி போதும். ஷாம்பு சின்னப் பிராணிக்குன்னே விக்கி, அதுல ஒரு சொட்டக் கையில கரைச்சு, பின்பக்கம் மட்டும். இப்ப அலசு. இன்னும் அலசு. வழவழப்பு போயி மயிரு கையில கிரீச்சுன்னு ஒட்டணும். நடுவுல ஒரு மல்லித்தழைய நீட்டு. தின்னுச்சுன்னா ஒன்ன மன்னிச்சுட்டுன்னு அர்த்தம். பல்ல நறநறன்னா தூக்கிரு, பேச்சே கெடையாது.

பாத்தியா, நனைஞ்சதும் பாதிதான் இருக்கு! அம்புட்டும் மயிருதாம்ல, நம்மூரு மைனருங்க மாதிரி.

இனிமேத்தான் காரியம். துண்டுல சுத்து, ஈரமானா வேற துண்டு. வயித்துக்கடியில, கால் இடுக்குல ஒத்தி ஒத்தி எடு. ஈரத்தோட வெளிக்காத்து பட்டா சளி நெஞ்சுல எறங்கி நிமோனியாவுல கொண்டு விட்டாலும் விடும். அந்த ஹேர் டிரையரு சத்தத்துக்குப் பயப்படலன்னா தள்ளி வச்சு, கம்மிச் சூட்டுல காட்டு. பயந்தா வேண்டாம். ஏ மருமவளே, அந்தச் சாம்பிராணியக் கொண்டு போ அங்கிட்டு! புள்ளைக்குப் போடுத மாதிரி இதுக்குப் போட்டா மூச்சு திணறும். பவுடரும் ஆகாது.

சித்திர வெயிலுக்குக் குளுந்த தண்ணி ஊத்தலாமான்னு வாயத் தொறக்காத. 27 டிகிரிக்கு மேல போனாலே அதுக்குப் பாடுதான், நெசந்தான். அதுக்குத் தண்ணி பாட்டில ஒறையவச்சுத் துணி சுத்திக் கூண்டுல வையி, நிழலு பாத்து வையி.

செனையா இருந்தா, நோஞ்சானா இருந்தா, குட்டியா இருந்தா குளிப்பாட்டவே கூடாது.

என்னது, லட்டுவோட தம்பி பூந்தி அங்கன கூண்டுல குர்ருங்கானா? இருக்காதா பின்ன? அண்ணங்காரன் புதுச் சோப்பு வாசனையில போனா எவம்ல இவன்னு கேக்கத்தான செய்வான். நல்லாக் காஞ்ச பொறவு சுத்தம் பண்ணுன எடத்துல ரெண்டையும் ஒண்ணா விட்டு, புல்லத் தாராளமாப் போடு. வாயி வேலையா இருந்தா சண்டையில பாதி அடங்கும். ஒங்க சித்தப்பம்மாரப் பந்தியில பாத்ததில்லையா?

குடு எங்கிட்ட, மடியில வச்சுக் காயவைக்கேன். அடடா, துள்ளுதான் பாரு! நாலு காலும் அந்தரத்துல. இப்பத்தாம்ல சொகம். அன்னைக்கு நின்னானே, அதுக்குப் பேரா… ஏல. ஏல, இதென்ன வேட்டி வெதுவெதுங்கு?

அந்த மக்க இங்கிட்டுக் கொண்டா. முழங்கைய முக்கிப் பாத்துட்டு ஊத்து. எனக்கும் தலைக்கு வேண்டாம், பின்பக்கம் மட்டும்.