வேலுக்கு எத்தனை வெள்ளி?

2025 மார்ச்சில் மலேசியாவின் ஏரா வானொலி அறிவிப்பாளர்கள் மூவர், ‘வேல் வேல்’ என்று கூவிக் காவடியாட்டம் போல ஆடிச் சிரித்த காணொளி நாடெங்கும் பரவியது. ஈப்போ புந்தோங்கின் கச்சாங் பூத்தே பலகாரக் கடைகளில் எண்ணெய்ச் சட்டியைவிடப் பேச்சுதான் கொதித்தது.

இத்தனைக்கும் காவடியைக் கிண்டலடிப்பதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. கல்லுமலைக் கோயிலுக்குக் காவடி புறப்பட்டால் போதும். கறுப்புக் கண்ணாடியோடு அருள் வந்து ஆடுபவர், உறுமி சினிமா மெட்டுக்குத் தாவியதும் அருள் கூடிப்போகிறவர் என்று ஆளுக்கொரு கதை வைத்திருப்போம். அங்கே குத்துப்படுவது பக்தி வேடம் போட்ட பந்தா. வானொலிக்காரர்களின் கூத்தில் அப்படி எந்தக் குறியும் இல்லை. அடுத்தவன் கும்பிடுவதே சிரிப்பாம், அவ்வளவுதான். அதை நையாண்டிக் கணக்கில் சேர்த்தால் நையாண்டிக்குத்தான் அவமானம்.

மன்னிப்புக் கேட்டார்கள். தொடர்பு, பல்லூடக ஆணையம் வானொலி நிறுவனத்துக்கு 250,000 வெள்ளி அபராதம் போட்டது.

“முருகனுக்கு ஒரு காசு வரலையே அண்ணே?” என்றார் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தவர்.

“மனசு புண்பட்டது நமக்குத்தானே, அவருக்கு எதுக்கு?”

“சரி, நமக்காச்சும் வந்துச்சா?”