கேட்டுக்குள் போனால் போதுமா?

எங்கள் காலத்தில் ஒரே கம்பெனியில் சேர்ந்து அங்கேயே ரிட்டையர் ஆனோம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஓரிடத்தில் நிற்கப் பொறுமை இல்லையே?
– ஓய்வுபெற்ற தொழிலாளி, எண்ணூர்

நிற்க இடம் கொடுத்தால் நிற்பார்கள், ஐயா. உங்கள் காலமும் லேசானதில்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுத் தபால்காரர் வரும் வழியையே பார்த்திருந்த தலைமுறை உங்களுடையது. 1980-ல் வந்த ‘வறுமையின் நிறம் சிவப்பு’ வேலையில்லாத பட்டதாரிகளின் கதைதானே? ஆனால் ஒருவர் பர்மனென்ட் ஆகிவிட்டால், பெண் கொடுக்க வந்தவர்கூட மேற்கொண்டு விசாரிக்கமாட்டார். அன்று கேட்டுக்குள் போவது கஷ்டம். இன்று உள்ளே தங்குவது கஷ்டம்.

அப்பா சிப்காட் தொழிற்பேட்டை வேலையிலேயே மனை வாங்கி வீடு கட்டினார். டிகிரி முடித்த எனக்கு அதே சிப்காட்டில் ட்ரெய்னி வேலைதான். ‘உனக்கு லட்சியமே இல்லை’ என்கிறார்.
– கல்லூரி மாணவர், பொன்னேரி

அப்பாவின் பழைய சம்பளச் சீட்டையும் உங்களுக்கு வரப்போகிற சீட்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், தம்பி. அவருடையதில் கம்பெனி பெயர் இருக்கும். உங்களுடையதில் பெரும்பாலும் கான்ட்ராக்டர் பெயர், இல்லாவிட்டால் ‘உதவித்தொகை’ என்று ஒரு வரி. அதே மெஷின், அதே நைட் ஷிஃப்ட், அதே கேன்டீன் சாப்பாடு. உறவு மட்டும் வேறு.

நம் பக்கம் தொழில் வளராமல் இல்லை. கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்காலைகள், தேர்வாய் கண்டிகையில் டயர் தொழிற்சாலை, ஆந்திர எல்லையைத் தாண்டினால் ஸ்ரீசிட்டி. வேலை பெருகியது, வாக்குறுதி சுருங்கியது. அடுத்த ஆண்டு கம்பெனி அடையாள அட்டை செல்லுமா என்று தெரியாதவனுக்கு எந்த வங்கி இருபது வருட வீட்டுக் கடன் கொடுக்கும்? அதனால்தான் அடுத்த கோர்ஸ், அடுத்த இன்டர்வியூ என்று பக்கத்திலேயே பார்க்கிறீர்கள். இதை லட்சியக் குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பி.இ. படித்தவர்களும் அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுதுகிறார்களே, அதற்குப் பத்தாம் வகுப்பு போதுமே?
– வாசகர், திருவள்ளூர்

2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது என்று தெரிந்தே எழுதுகிறார்கள். நாளைக்கும் அந்த நாற்காலி இருக்கும் என்ற நிச்சயம் ஒன்றே அவர்களுக்குப் பெரிதாகத் தெரிகிறது. வெளியே இருக்கும் தனியார் வேலை அவர்களை அவ்வளவு பயமுறுத்தியிருக்கிறது.

மகள் ‘வேலை, பிறகுதான் கல்யாணம்’ என்கிறாள். பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், கவரைப்பேட்டை

பெருமைப்படுங்கள், அம்மா! தலைமுறை மாற்றத்தில் நான் மிக மதிப்பது இதைத்தான். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திட்டம் முன்பு திருமணத்துக்கு உதவித்தொகையும் தாலிக்குத் தங்கமும் கொடுத்தது. 2022-ல் அதுவே புதுமைப் பெண் திட்டமாகி, அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. அரசாங்கமே தாலியிலிருந்து படிப்புக்கு மாறிவிட்டது. நீங்களும் மாறுங்கள்.

வடமாநிலத்தவர் வந்துதானே நம் பிள்ளைகளுக்கு வேலை இல்லை?
– வாசகர், ஆரம்பாக்கம்

உலைச் சூட்டில் நிற்கும் அந்த வடமாநிலப் பையனுக்கும் பர்மனென்ட் கிடையாது. அவன்மேல் கோபப்படாதீர்கள்.

கேம்பஸில் தேர்வாகியிருக்கிறேன். எதை முதலில் பார்க்க வேண்டும்?
– இறுதியாண்டு மாணவி, கும்மிடிப்பூண்டி

சம்பளத் தொகைக்கு முன்னால், கடிதத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். கம்பெனியா, கான்ட்ராக்டரா? 1961-ம் ஆண்டுச் சட்டப்படி அப்ரண்டிஸா, வெறும் ட்ரெய்னியா? பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா? பயிற்சி முடிந்தபின் என்ன? வாயால் சொன்னதை எழுத்தில் கேளுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், தொழிலாளர் எல்லாருக்கும் பணி நியமனக் கடிதம் கொடுத்தே ஆக வேண்டும் என்கின்றன. தயங்காமல் கேளுங்கள், தங்கையே. பக்கத்தில் நிற்கும் தோழியையும் கேட்கச் சொல்லுங்கள்.