உறங்கும் எஸ்டியை எழுப்புதல்

கேள்வி: பல ஆண்டுகளாகத் திண்ணையோரம் நிற்கும் பழைய எஸ்டி மோட்டார் சைக்கிள், புதுப் பெட்ரோல் ஊற்றி உதைத்தால் ஓடுமா?

பதில்: உதைப்பவரின் முழங்கால் விருப்ப ஓய்வு பெறுமே தவிர, வண்டி ஓடாது. மைசூரின் ஐடியல் ஜாவா ஆலையில் 1996 வரை உருவான இவ்வண்டிகளில் கிக்கரே கியர் நெம்புகோலாகவும் பணியாற்றுவதால், ஆத்திரத்தில் அதை உடைப்பவர் இரண்டையும் ஒருசேர இழக்கிறார். ஆகவே முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சிலிண்டருக்குள் சிறிது ஆயில் விட்டு, ஓரிரவு ஊறவிட்டு, பிஸ்டன் அசைகிறதா என்று கிக்கரைக் கையால் மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். அசையாவிடில் மேலும் ஆயில், மேலும் ஓரிரவு. நெடுநாள் தேங்கிய பெட்ரோல் பிசினாக இறுகி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரில் ஜெட் எனப்படும் நுண்துளைகளை அடைத்துவிடுவதால், அதைப் பிரித்துக் கழுவுவதும் டேங்கின் துருவை அகற்றுவதும் அடுத்த வேலை. மின்சுற்றை உரிய கணத்தில் துண்டித்துப் பொறியை எழுப்பும் பாயிண்டின் முனைகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் பெரும்பாலும் போதும். இறுதியாக, இது டூ ஸ்ட்ரோக் வண்டி, அதாவது பிஸ்டனுக்கு உயவளிப்பதே பெட்ரோலில் கலக்கும் ஆயில்தான் என்பதால், வெறும் பெட்ரோலை ஊற்றுபவர் எழுப்பிய எஞ்சினைத் தாமே நிரந்தரமாக உறங்க வைக்கிறார்.